ஒரே பாட்டில், ஆறு சூடு: சைஜோவில் சாக்கே பழகிய மாதங்கள்

டிசம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, கானாங்கெளுத்தி மீனை மிசோ என்னும் புளித்த சோயா விழுதும் இஞ்சியும் போட்டுக் குழம்பாக வைத்தேன். ஜப்பானில் இதை சாபா மிசோனி என்பார்கள். கூடவே ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த சாக்கே, அரிசியில் காய்ச்சும் ஜப்பானிய மது. தனியாகச் சாப்பிட்டால் மீன் அருமை, தனியாகக் குடித்தால் சாக்கேயும் அருமை. சேர்த்தபோது மட்டும் சரிவரவில்லை. மீனின் கொழுப்பு நாக்கில் மெழுகு மாதிரிப் படிந்துவிட்டது, சாக்கே அதன் மேல் தண்ணீராக வழிந்து போனது.

மறுநாள் மீதக் குழம்பைச் சுட வைக்கும்போது, ஒரு சின்னக் குடுவையில் சாக்கேயையும் ஊற்றி வெந்நீரில் இறக்கி வைத்தேன். சூடாகக் குடித்த முதல் வாயிலேயே கொழுப்பு கரைந்து போய், மிசோவின் இனிப்பும் சாக்கேயின் சோற்று மணமும் ஒன்றாக எழுந்து வந்தன. அதே பாட்டில், அதே மீன். சூடு மட்டும்தான் வேறு.

அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினேன். ஜூன் வரை ஏறக்குறைய ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதியதில் உருப்படியானதை இங்கே எடுத்து வைக்கிறேன். ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: ஒரு இரவுக்கு 180 மில்லி, அதைத் தாண்டுவதில்லை. 180 மில்லிதான் ஜப்பானிய அளவில் ஒரு 'கோ'. சாக்கே குடிக்கும் அளவுக்குத் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கு 'யவாராகி மிசு' என்று தனிப் பெயரே உண்டு. சாக்கேயின் வேகத்தைத் தணிக்கும் தண்ணீர் என்று பொருள்.

நான் இருப்பது ஹிரோஷிமா மாநிலத்தில் ஹிகாஷி ஹிரோஷிமா நகரம். பல்கலைக்கழகம் இங்கே இருப்பதால் ஆராய்ச்சிக்கு வந்த தமிழர்களை ஊரில் பார்க்கலாம். ரயில் நிலையம் இருக்கும் பகுதிதான் சைஜோ. நிலையத்தை விட்டு இறங்கியதும் சாக்கே ஆலைகளின் செங்கல் புகைபோக்கிகள் தெரியும். கமோட்சுரு, ஃபுகுபிஜின், ஹகுபோதான், கமோஇசுமி என்று ஆலைகள் நடந்து போகும் தூரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. சில ஆலைகள் தங்கள் கிணற்று நீரை வாசலில் குழாய் வைத்து விட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கேனோடு வந்து பிடித்துப் போவார்கள். என் சோதனைக்கான தண்ணீரும் அங்கிருந்துதான்.

பாட்டில்கள்

முதலில் மூன்று பாட்டில் வாங்கினேன். அ: உள்ளூர் ஜுன்மாய். ஆ: வடக்கே ஃபுகுஷிமாவில் 1752 முதல் இயங்கிவரும் தாய்ஷிச்சி ஆலையின் கிமோத்தோ வகை. இ: ஒரு தாய்கின்ஜோ.

இந்தப் பெயர்களைப் புரிந்துகொள்ள அரிசி தீட்டுவதைத் தெரிந்துகொண்டால் போதும். லேபிளில் 60 சதவீதம் என்று இருந்தால், நெல் குத்திய பழுப்பரிசியில் 40 பங்கைத் தீட்டித் தள்ளிவிட்டு 60 பங்கை வைத்துக் காய்ச்சினார்கள் என்று அர்த்தம். அரிசியின் வெளிப்பக்கத்தில் கொழுப்பும் புரதமும் அதிகம், நடுவில் மாவுச்சத்து. தீட்டத் தீட்ட மணம் மெலிந்து, பழவாசம் எட்டிப் பார்க்கும். 60 அல்லது அதற்குக் கீழே என்றால் கின்ஜோ, 50 அல்லது அதற்குக் கீழே என்றால் தாய்கின்ஜோ. ஜுன்மாய் என்றால் அரிசி, தண்ணீர், கோஜி பூஞ்சை வளர்த்த அரிசி, இவ்வளவுதான். வெளியிலிருந்து சாராயம் சேர்ப்பதில்லை. இயந்திர விசையால் அரிசி தீட்டும் எந்திரத்தை ஜப்பானில் முதலில் செய்தவர் சதாகே ரீச்சி. 1896-இல், இதே சைஜோவில். இன்றைக்கும் அந்த நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. தீட்டும் எந்திரம் பிறந்த ஊரில் உட்கார்ந்து தாய்கின்ஜோ சோதிக்கிறோம் என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

கிமோத்தோ பற்றி ஒரு வார்த்தை. ஈஸ்ட்டைப் பெருக்கும் தொடக்கக் கலவையில் கெட்ட கிருமிகள் வளராமல் இருக்க லாக்டிக் அமிலம் தேவை. இப்போது பெரும்பாலான ஆலைகள் அதை நேராக ஊற்றிவிடுகின்றன. கிமோத்தோ முறையில், காற்றிலும் மரத்திலும் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா தானாக வந்து புளிக்க வைக்கும்வரை காத்திருப்பார்கள். நம் வீட்டில் இட்லி மாவு ராத்திரி முழுக்கப் புளிப்பதும் இந்த வகைப் பாக்டீரியாவால்தான். பாட்டிலைத் திறந்து முகர்ந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பழைய சோற்றுப் பானை. அந்த வாசம் பிடித்தவர்களுக்கு இந்த வகை சாக்கே சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

சூடாக்கும் வழி

இதில்தான் அதிக நாள் போனது.

முதலில் மைக்ரோவேவ். டொக்குரி என்னும் கழுத்துக் குறுகிய பீங்கான் குடுவையில் ஊற்றி 50 நொடி வைத்தேன். மேலே 58 டிகிரி, அடியில் 34. முதல் வாய் மூக்கில் சாராய நெடியாக ஏறியது, கடைசி வாய் வெதுவெதுப்புக்கும் வரவில்லை. இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திக் கலக்கினால் ஓரளவு சமமாகிறது. ஆனாலும் மணம் தட்டையாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து வெந்நீர். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைக்க வேண்டும். அணைக்காமல் குடுவையை வைத்தால் அடி மட்டும் சீக்கிரம் சுட்டுவிடும். ஒரு நிமிடம் ஆறவிட்டு, குடுவையைக் கழுத்து வரை மூழ்கும்படி இறக்கினேன். குடுவையை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. சாக்கே சூட்டில் விரிந்து வழியும், முதல் நாள் எனக்கு வழிந்தது. வாயை பிளாஸ்டிக் தாளால் மூடினால் மணம் ஓடாது. என் பீங்கான் குடுவையில் 150 மில்லி, அறைச் சூட்டிலிருந்து 40 டிகிரிக்கு வர இரண்டரை நிமிடம் ஆனது. பிறகு 'சிரோரி' என்னும் கைப்பிடி வைத்த உலோகக் குவளை வாங்கினேன். அதில் ஒன்றரை நிமிடம் போதும். உலோகம் சூட்டைச் சீக்கிரம் கடத்துகிறது, கலக்குவதும் சுலபம். இதையே செய்து பார்க்க நினைப்பவர்கள் சிரோரியில் தொடங்குங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சந்தேகம் வந்தது. 45 என்று எழுதியிருந்த குறிப்புகளெல்லாம் இளஞ்சூடாகவே இருந்தன. ஐஸைப் பொடியாக நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, தெர்மாமீட்டரை அதில் நிறுத்தினேன். 0 காட்ட வேண்டிய இடத்தில் 3 காட்டியது. கொதிநீரிலும் அதே அளவு கூடுதல். அதுவரை எழுதிய அத்தனை எண்களிலும் 3 கழித்து நோட்டைத் திருத்தினேன். தெர்மாமீட்டர் வாங்கிய அன்றே இந்த ஐஸ் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

இன்னொரு ஓட்டை கிண்ணத்தில் இருந்தது. ஓச்சோக்கோ என்னும் சின்னக் கிண்ணம் ஜனவரிக் குளிரில் ஜில்லென்று கிடக்கும். 45 டிகிரி சாக்கேயை அதில் ஊற்றிய உடனே அளந்தால் 40. கிண்ணங்களை வெந்நீரில் முக்கி எடுத்துத் துடைத்த பிறகுதான் நோட்டில் இருக்கும் எண்ணும் நாக்கில் படும் சூடும் ஒன்றாயின.

ஒவ்வொரு சூட்டுக்கும் ஜப்பானிய மொழியில் பெயர் இருக்கிறது. 5 டிகிரிக்கு யுகிபியே, பனிக் குளிர். 10க்கு ஹானாபியே, பூக் குளிர். 15க்கு சுசுபியே, குளிர்ந்த காற்று. 30 ஹினாதாகான், வெயில் சூடு. 35 ஹிதோஹதாகான், மனித உடம்பின் சூடு. 40 நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான், 55க்கு மேல் டோபிகிரிகான். இதில் ஐந்து ஐந்து டிகிரியாகப் பெயர் வைத்திருப்பதை முதலில் அலங்காரம் என்று நினைத்தேன். 40க்கும் 45க்கும் நடுவில் ஒரே சாக்கே எப்படி மாறுகிறது என்று சுவைத்த பிறகு, அந்த ஐந்து டிகிரிக்கு ஒரு பெயர் வேண்டும்தான் என்று பட்டது.

கடைகளில் 'ஹியா' என்று கேட்டால் என்ன வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொல்லுக்குக் குளிர்ச்சி என்று பொருள் இருந்தாலும், குறிப்பது அறைச் சூட்டில் இருக்கும் சாக்கேயை. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் சாக்கே சுட வைத்ததாக இருக்கும், அல்லது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதுதான் ஹியா. குளிர வைத்தது வேண்டுமானால் 'ரேய்ஷு' என்று கேட்க வேண்டும்.

சிப்பி

ஜப்பானிலேயே அதிகமாகச் சிப்பி வளர்ப்பது ஹிரோஷிமாதான். ஜனவரி, பிப்ரவரியில் கடைகளில் குவிந்து கிடக்கும். பாக்கெட்டில் பச்சையாகச் சாப்பிட உகந்தது, சமைக்க வேண்டியது என்று இரண்டு வகை எழுதியிருக்கும். இரண்டாவது வகை பார்க்கக் கொழுகொழுவென்று புதிதாக இருந்தாலும் பச்சையாகத் தொடாதீர்கள்.

பச்சைச் சிப்பிக்கு மூன்று பாட்டிலையும் 10 டிகிரியில் வைத்துப் பார்த்தேன். தாய்கின்ஜோ தோற்றது. அதன் ஆப்பிள், வாழைப்பழ வாசனை ஒரு பக்கம், சிப்பியின் கடல் உப்பு ஒரு பக்கம், இரண்டும் வாய்க்குள் முட்டிக்கொண்டன. உள்ளூர் ஜுன்மாய் அடக்கமாக நின்று, சிப்பியின் இனிப்பை மட்டும் நீட்டித் தந்தது. அதையே 40க்குச் சுட வைத்தபோது பச்சைச் சிப்பியோடு சேரவில்லை. வழவழப்பு கூடிவிட்டது.

அடுத்த வாரம் சிப்பியை ஓட்டோடு வலைக்கம்பியில் சுட்டேன். சாறு கொதித்து, ஓரம் லேசாகச் சுருங்கும்போது இரண்டு சொட்டு சோயா. கூடவே கிமோத்தோ 45 டிகிரியில். இந்த ஆறு மாதத்தில் நான் எழுதிய மதிப்பெண்களில் இதுவே முதலிடம். சிப்பியை விழுங்கிய பிறகு வாயில் இருந்த சுவையும், சாக்கே இறங்கிய பிறகு இருந்த சுவையும் ஒன்றா வேறா என்று பிரிக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. சிப்பி இனங்களின் தனிச் சுவைக்குப் பின்னால் சக்சினிக் அமிலம் இருக்கிறது. சாக்கே நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் முக்கியமான அமிலங்களில் ஒன்றும் அதுதான். சக்சினிக், லாக்டிக் இரண்டும் சூட்டில் நன்றாகச் சுவைக்கும் அமிலங்கள் என்று சாக்கே காய்ச்சுபவர்கள் சொல்வார்கள். ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம் குளிரில் சுவைக்கும். கிமோத்தோவில் லாக்டிக் அமிலம் தாராளம். அதனால்தான் அது சூட்டில் விரிகிறது. பாட்டில் வாங்கும்போது லேபிளில் அமில அளவு இருந்தால் பாருங்கள். 1.3, 1.4 என்று இருப்பதை நான் குளிர வைக்கிறேன். 1.6, 1.7க்கு மேல் இருந்தால் தைரியமாகச் சுட வைக்கிறேன்.

கவுச்சி வராததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. கடல் உணவோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் கவுச்சி தட்டும். ஒயினில் உள்ள இரும்புதான் அதைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாக்கேயில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு பட்டால் சாக்கே நிறம் மாறி மணம் கெடும் என்பதால், காய்ச்சும் தண்ணீரில் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறார்கள். நிறம் கெடக் கூடாது என்று எடுக்கும் அக்கறை மீன் சாப்பிடுகிறவருக்கும் உதவுகிறது.

தாய்கின்ஜோவைச் சுட வைத்த இரவு

விலை உயர்ந்த சாக்கேயைச் சுட வைக்கக் கூடாது என்று பலர் சொல்வார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று தாய்கின்ஜோவை ஐந்தைந்து டிகிரியாக ஏற்றினேன். துணைக்கு வெங்காயத்தாள் தூவிய டோஃபு.

30, 35இல் வாசனை இன்னும் அகலமானது. 40இல் அழகான ஒரு இனிப்பு வந்தது, டோஃபுவுக்கு மெத்தென்று பொருந்தியது. 45இல் வாசனை கலையத் தொடங்கியது. 50இல் பழவாசம் போய், கசப்பும் சாராயக் காரமும் மட்டும் மிஞ்சின. ஆகவே என் முடிவு: தாய்கின்ஜோவை 40 வரை நம்பிச் சுட வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். குளிரில் அதற்கு நல்ல துணை வெள்ளை மீன். ஜப்பானில் 'தாய்' என்று சொல்லும் மீனை மெல்லிசாக நறுக்கி, சோயாவுக்குப் பதில் உப்பும் ஒரு சொட்டு எலுமிச்சையும் தொட்டுச் சாப்பிட்டபோது, 12 டிகிரி தாய்கின்ஜோ தன் இடத்தில் உட்கார்ந்தது.

கானாங்கெளுத்திக்குத் திரும்பினேன். மூன்று பாட்டில், ஆறு சூடு. கிமோத்தோ 48 டிகிரியில் வென்றது. உள்ளூர் ஜுன்மாய் 45இல் அடுத்து. தாய்கின்ஜோ எந்தச் சூட்டிலும் மிசோவுக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆலைக்காரர்களின் சட்டி

சைஜோவுக்கே உரிய ஒரு சமையல் உண்டு, பிஷோநாபே. கோழி, பன்றி இறைச்சி, முட்டைக்கோசு, காளான், வெங்காயம் எல்லாவற்றையும் சட்டியில் போட்டு, தண்ணீருக்குப் பதில் சாக்கே ஊற்றி வேகவைப்பது. மசாலா என்று பார்த்தால் உப்பும் மிளகும் பூண்டும்தான். ஆலைத் தொழிலாளர்களின் சாப்பாடாகத் தொடங்கியது. தண்ணீரில் நின்று வேலை செய்ததால் அவர்கள் உடுப்பு எப்போதும் தொப்பலாக நனைந்திருக்கும். அந்த நனைவைச் சொல்லும் 'பிஷோ' என்ற சொல்லே சட்டிக்குப் பெயரானது. எழுதும்போது 'நல்ல மது' என்று பொருள் தரும் எழுத்துகளைப் போடுகிறார்கள்.

செய்வது எளிது. ஆனால் முதல் தடவை நான் மூடி போட்டு வேகவைத்துவிட்டேன். சாராயம் வெளியே போக வழியில்லாமல் குழம்பு காரமாகக் கசந்தது. திறந்து வைத்து நன்றாகக் கொதிக்க விட வேண்டும். மூக்கை நெருக்கினால் நெடி அடிக்காத பதம் வந்த பிறகு காய்கறி போட வேண்டும். அப்புறம் பாருங்கள், சாராயம் போய் அரிசியின் சாரம் மட்டும் இறைச்சியில் ஏறியிருக்கும். மிளகும் பூண்டும் வீட்டு ரசத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தன. சட்டியில் ஊற்றிய அதே ஜுன்மாயை 42 டிகிரியில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேறு எந்தப் பாட்டிலும் தேவைப்படவில்லை.

ஹிரோஷிமா சாக்கே இப்படி மென்மையாக வந்ததற்கு மியுரா சென்சாபுரோ என்பவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். கடலோர ஊரான மித்சுவைச் சேர்ந்தவர். கோபேயின் நாதா பகுதித் தண்ணீரில் தாது உப்பு அதிகம், ஈஸ்ட் வேகமாக வளரும். மித்சுவின் மென்மையான தண்ணீரில் அதே முறையைச் செய்தால் நொதிப்பு பாதியில் படுத்துவிடும். இவர் கோஜியை அரிசிக்குள் நன்றாக இறங்கும்படி வளர்த்து, குளிர்ச்சியில் மெதுவாக நொதிக்க வைக்கும் வழியைக் கண்டார். கண்டதைப் பூட்டி வைக்காமல் 1898-இல் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். 1907-இல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா சாக்கேகள் முன்னணிப் பரிசுகளை வாங்கின. இந்த மனிதரை நினைக்காமல் உள்ளூர் பாட்டிலை நான் திறப்பதில்லை.

ஜூன்: நெத்திலி

ஜூனில் ஹிரோஷிமாக் கடலில் கோஇவாஷி பிடிக்கத் தொடங்குவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை, நம் நெத்திலியின் இனம். ஏழு தடவை கழுவினால் 'தாய்' மீனின் ருசி வரும் என்று இங்கே சொல்வார்கள். ஐஸ் தண்ணீரில் ஏழு தடவை அலசிப் பச்சையாக இஞ்சியோடு சாப்பிட்டேன். உள்ளூர் ஜுன்மாய் 15 டிகிரியில் கச்சிதம்.

மீதியை நம் ஊர் வழியில் பொரித்தேன். ஒரு தட்டு மஞ்சள், உப்பு, மிளகு. இன்னொரு தட்டு மிளகாய்த்தூள். மிளகாய்த் தட்டோடு 45 டிகிரி சாக்கே குடித்தபோது நாக்கு எரிந்தது. சூடும் சாராயமும் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடுகின்றன. 10 டிகிரிக்குக் குளிர வைத்துக் குடித்ததும் எரிச்சல் தணிந்தது, ஆனால் சாக்கேயின் ருசி தெரியவில்லை. மிளகாய் கூடிய சமையலுக்கு சாக்கேயை நான் இனி எடுக்கப் போவதில்லை.

மிளகுத் தட்டுக்குக் கிமோத்தோவின் கடைசி 100 மில்லியை 50 வரை ஏற்றினேன். குடிப்பதற்குள் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பியபோது 38க்கு ஆறியிருந்தது. இப்படிச் சுட்டு ஆறியதை 'கான்சமாஷி' என்பார்கள். நேராக 38க்கு ஏற்றியதை விட இது உருண்டையாக, முனை மழுங்கி இருந்தது. நெத்திலியின் மொறுமொறுப்புக்குப் பிறகு அந்த மிருதுவான புளிப்பு தொண்டையில் இறங்கியது. நோட்டில் 'கிமோத்தோ, 50 வரை ஏற்றி 38க்கு ஆறவிட்டது, மிளகு நெத்திலி' என்று எழுதி, சுட்ட சிப்பிக்குக் கொடுத்த அதே மதிப்பெண்ணைப் போட்டேன். கடைசி மீனைப் பொரித்து முடித்தபோது பாட்டில் காலி.